விண்வெளிக்குப் போன இரவு ராணி

வாயேஜர் விண்கலத்தில் போன தங்க இசைத்தட்டைப் பற்றிப் பலரும் எழுதுகிறார்கள். அதிலுள்ள ஒரே ஓபரா (இசை நாடக) பாடலைப் பாடியவரின் பெயரைத்தான் காணோம். அவர் எட்டா மோசர், 1938-இல் பெர்லினில் பிறந்த ஜெர்மன் சொப்ரானோ, அதாவது உச்சக்குரல் பாடகி.

மோசார்ட்டின் 'மாயப் புல்லாங்குழல்' ஓபராவில் இரவு ராணி மகள் கையில் கத்தியைக் கொடுத்து, எதிரியைக் கொல்லச் சொல்லும் இடத்தில் வருவதுதான் அந்தப் பாடல். குரல் உச்ச எஃப் என்ற ஸ்வரம் வரை ஏற வேண்டும், ஆத்திரமும் குறையக்கூடாது. பல பாடகிகள் ஸ்வரத்தைக் காப்பாற்றிவிட்டுக் கோபத்தை நழுவவிடுவார்கள். மோசரிடம் இரண்டும் இருக்கிறது, அதுவும் கத்திமுனை போலத் துல்லியமாக!

1968-இல் நியூயார்க் மெட்ரோபாலிடன் ஓபரா அரங்கில், இசையமைப்பாளர் வாக்னரின் ஓபராவில் அறிமுகமானார். அப்புறம் கொலோன் இசைக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார். இசைத்தட்டில் இருப்பது, இசை நடத்துநர் சவாலிஷ் நடத்திய பவேரிய அரசு ஓபரா பதிவு; அதை ஹெட்போன் போட்டுக் கேளுங்கள்.