சாயம் ஏறாத நீலம்

போன வருஷம் எடுத்த பனங்காடைப் படம் ஒன்றைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, சட்டம் மாட்டி, அந்தக் காட்டுக்காரப் பெரியவரிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைக் கழற்றி, வேட்டி முனையில் துடைத்து மாட்டிக்கொண்டு, நெடுநேரம் பார்த்தார்.

"படம் அம்சமா இருக்குதுங் தம்பி. இது எந்த ஊருக் குருவிங்?"

அவர் காட்டில், அவர் வேலிக் கல்லுக்கால் மேலேயே தினமும் வந்து உட்காரும் குருவி அது.

பெரியவர் கண்ணில் கோளாறு இல்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து நீலத்தைத் தூக்கிவிட்டது நான்தான். சாச்சுரேஷனை இழுக்க ஆரம்பித்தால் விரலுக்கு நிற்கத் தெரியாது. நெஞ்சுப் பழுப்பு செங்கல் நிறமாகி, இறக்கை புதுப் பெயின்ட் அடித்த கேட்டு மாதிரி ஆகிவிட்டிருந்தது. இதில் வெட்கக்கேடு என்னவென்றால், எனக்குத் தொழிலே நிறம் பார்ப்பதுதான்.

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை லேபில் பதினாறு வருஷமாக இருக்கிறேன். பையர் அனுப்பும் ஷேடுக்கு லேப் டிப், அதாவது சின்னத் துண்டில் சாய மாதிரி, போட்டு, துணியை லைட் பாக்ஸ் என்கிற விளக்குப் பெட்டிக்குள் வைத்துப் பார்ப்போம். முதலில் டி65 விளக்கு. 6500 கெல்வின், பகல் வெளிச்சத்துக்குச் சமம். அடுத்து டிஎல்84, ஐரோப்பியக் கடைகளில் எரிகிற 4000 கெல்வின் டியூப்லைட் ரகம். ஒன்றில் அச்சாகப் பொருந்திய துணி அடுத்ததில் வேறு துணியாக நிற்கும். மெட்டாமெரிசம் என்பார்கள். ஒரு முழு லாட் இதனால் திரும்பி வந்த நாளில் நான் மத்தியானச் சோறு தின்னவில்லை. இத்தனையும் தெரிந்தவன், காட்டுக்குப் போனால் மட்டும் வெளிச்சத்தைக் கண்டுகொள்ளாமல் படம் எடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து சாயம் ஏற்றியிருக்கிறேன்.

அதனால் இந்த மாசியில் இரண்டு நாள் லீவைச் சேர்த்து எடுத்துக்கொண்டு கிளம்பினேன். முதல் நாள் நஞ்சராயன் குளம், மறுநாள் பெரியவர் காடு. நிறத்தை ஏற்றும் எந்தப் பட்டனையும் தொடுவதில்லை என்று எனக்கு நானே ஒரு கட்டுப்பாடு.

நஞ்சராயன் குளம் ஊத்துக்குளி ரோட்டில், சர்க்கார் பெரியபாளையத்தை ஒட்டி இருக்கிறது. நல்லாற்றுத் தண்ணீர்தான் வரத்து. 125 ஹெக்டேருக்குக் கொஞ்சம் மேல். 2022-இல் தமிழ்நாட்டின் 17-ஆவது பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். 2024-இல் ராம்சார் என்கிற உலக ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. பனியன் கம்பெனி ஷிஃப்ட் வண்டிகள் ரோட்டில் பறந்துகொண்டிருக்கும்போது, உள்ளே கூழைக்கடாக்கள் பெஞ்சில் உட்கார்ந்த ரிட்டயர்டு வாத்தியார்கள் மாதிரி ஒரு பக்கமாகத் திரும்பி நிற்கும்.

பொழுது கிளம்ப 6.40 ஆனது. நான் வழக்கம்போல வண்டி நிறுத்தத் தோதான கரையில் போய் நின்றேன். சூரியன் நேரே முகத்தில். சேற்றில் மேய்ந்த பழுப்பு அரிவாள் மூக்கன் கூட்டம் கரித்துண்டை வாரி இறைத்த மாதிரி தெரிந்தது. இருபது படம் எடுத்தேன், இருபதும் கரி. பிறகுதான் உறைத்து, முக்காலியைத் தோளில் போட்டுக்கொண்டு கரையைச் சுற்றி நடந்தேன். அரை மணிக்கு மேல் ஆனது. சூரியன் இப்போது முதுகுக்குப் பின்னால்; என் நிழல் தண்ணீரைப் பார்த்து நீண்டிருந்தது. அதே கூட்டம்தான். கழுத்தும் தோளும் நாவல்பழத் தோல் நிறம். இறக்கையில் பச்சை, அது ஓரத்தில் ஊதாவாகி, பறவை ஒரு எட்டு வைத்ததும் அணைந்து, அடுத்த எட்டில் திரும்ப எரிந்தது. பக்கத்தில் ஆண் தட்டைவாயன் வாத்து ஒன்று தலையைத் திருப்பும்போதெல்லாம் பச்சை, கறுப்பு, பச்சை.

எங்கள் ஆட்கள் மயில்கழுத்துப் பட்டு என்று ஒன்று சொல்வார்கள். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். சேலையை ஆட்டினால் இரண்டும் மாறி மாறி வரும். அதற்கு இரண்டு சாயம் வேண்டும். இந்த வாத்தின் தலையில் பச்சைச் சாயம் என்று ஒரு பொட்டுகூடக் கிடையாது. இறகின் நுண்ணிழைக்குள் மெலனின் மணிகள் வரிசையாக அடுக்கியிருக்கின்றன. மயிரைக் கறுப்பாக்கும் அதே மெலனின். அந்த அடுக்கில் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று சேரும் கோணத்தில் நிறம் பிறக்கிறது. கோணம் தப்பினால் வெறும் கறுப்பு. மயிலுக்கும் தேன்சிட்டுக்கும் இதே கணக்குதான். நான் முதல் கரையில் நின்று தவறவிட்ட பச்சையை எந்த மென்பொருளும் எனக்கு மீட்டுத் தராது. படத்தில் அது பதியவே இல்லையே.

கொக்கு விஷயம் வேறு. கறுத்த தண்ணீருக்கு முன்னால் வெள்ளைக் கொக்கு நின்றால், கேமரா மொத்தக் காட்சியையும் இருட்டு என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். இறகின் மடிப்பெல்லாம் போய் ஒரு வெள்ளைக் காகிதம் மிஞ்சும். கேமராவில் ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தைப் பாதியாக, குறைத்து வைத்தால் தப்பிக்கலாம். கறுப்புக் கரிச்சானுக்கு நேர்மாறாகச் செய்து கண்ணைத் தேட வேண்டும். கண்ணில் ஒரு பொட்டு வெளிச்சம் விழாத கரிச்சான் படத்தை நான் வைத்துக்கொள்வதில்லை.

எப்போது நிறுத்துவது என்பதற்கு நான் கடிகாரம் பார்ப்பதில்லை. என் நிழல் என் உயரத்தைப் போல இரண்டு மடங்கு இருக்கும் வரை எடுப்பேன். அப்போது சூரியன் 26 டிகிரிக்குச் சற்று மேலே இருக்கும். மாசியில் நம் பக்கம் அது 8.40 வாக்கில். அதற்கப்புறம் முதுகில் வெளிச்சம், வயிற்றில் இருட்டு. பத்து மணிக்கு மேல் தரையிலிருந்து கானல் எழும்பி, எவ்வளவு விலை லென்ஸாக இருந்தாலும் இறகைக் குழப்பிவிடும். மூட்டம் போட்ட நாள் விதிவிலக்கு. ஆடிச் சாரலில் வானமே ஒரு பெரிய லைட் பாக்ஸ், மதியம்கூட எடுக்கலாம்.

மறுநாள் வெடியால நான்கு மணிக்கே எழுந்து, காங்கேயம் தாண்டி வெள்ளகோவில் போகும் வழியில் பிரிந்து, இட்டேரிக்குள் வண்டியை விட்டேன். இரண்டு பக்கமும் முள்கிளுவை வேலி. அதற்கு அந்தப் பக்கம் கொறங்காடு. இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காக: கொழுக்கட்டைப்புல்லும் வெள்வேல மரமும் வைத்து, வேலி அடைத்து, மாடும் ஆடும் மாற்றி மாற்றி மேய விடுகிற மேய்ச்சல் காடு. மாசியில் புல் காய்ந்து வைக்கோல் நிறத்தில் கிடக்கும். நீலக் குருவிக்கு அதைவிடப் பொருத்தமான பின்னணியை யாரும் விலை கொடுத்து வாங்க முடியாது.

வேலி ஓரமாக நடந்தபோது கிளுவை முள்ளில் ஓர் இறகு மாட்டியிருந்தது. பனங்காடையின் இறக்கை இறகு, என் சுண்டுவிரலைவிட நீளம். எடுத்து, சூரியனுக்கு முதுகு காட்டி நின்று பார்த்தேன். அடர்நீலம், அதை ஒட்டி ஒரு பட்டை வெளிர்நீலம். பிறகு திரும்பி, சூரியனுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். நீலம் எங்கே போனது என்றே தெரியவில்லை. காப்பிக் கறை பட்ட துணி போல மங்கின பழுப்பு. திரும்ப இறக்கினேன், நீலம். சின்னப் பையன் மாதிரி ஏழெட்டுத் தடவை செய்திருப்பேன்.

அதிலும் நீலச் சாயம் இல்லை. இழைக்குள் இருப்பது நகத்துக்கு உரிய கெரட்டின்தான்; அது பஞ்சு போலத் துளைத் துளையாக இருக்கிறது. ஒரு தலைமயிர்த் தடிமனுக்குள் நூற்றுக்கணக்கில் அடங்கும் அளவுக்குப் பொடித் துளைகள். அவை நீல ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. மிச்ச ஒளியைப் பின்னாலிருக்கும் மெலனின் குடித்துவிடுகிறது. இது வாத்துத் தலை போலக் கோணத்துக்குக் கோணம் மினுங்கி மாறுவதில்லை. வெளிச்சம் முன்னாலிருந்து விழுந்தால் நீலம், பின்னாலிருந்து ஊடுருவி வந்தால் பழுப்பு. சர் சி.வி. ராமன் 1934-இல் பறவை இறகுகளின் நிறம் எங்கிருந்து வருகிறது என்று கட்டுரை எழுதியபோது கையில் எடுத்துக்கொண்டது நம் பனங்காடையைத்தான். அந்த வருஷம் அவரே பெங்களூரில் தொடங்கிய அறிவியல் அகாதெமியின் இதழில் அது வந்தது. வேலிக்கு வேலி உட்கார்ந்திருக்கிற குருவி, நோபல் பரிசு வாங்கியவர் மேசை வரைக்கும் போய் வந்திருக்கிறது.

இறகை அதே முள்ளில் செருகிவிட்டு வந்தேன். காட்டுப் பறவையின் இறகை வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. 1972-ஆம் வருஷ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது.

குருவி 6.50-க்கெல்லாம் கல்லுக்காலுக்கு வந்துவிட்டது. விடியல் மஞ்சள் வெளிச்சம் கொட்டிக்கொண்டிருந்தது. படம் எடுக்கிறவர்கள் உயிரை விடுகிற வெளிச்சம். எனக்கு அதில் ஒரு தகராறு உண்டு. அடிவானத்துச் சூரியனின் ஒளி தடித்த காற்றைக் கடந்து வருவதற்குள் அதிலுள்ள நீலத்தில் பெரும்பங்கு சிதறிப் போய்விடும். வருகிற ஒளியிலேயே நீலம் குறைவு என்றால் இறகு எதைத் திருப்பி அனுப்பும்? என் திரையில் தலை நீலம் பச்சை கலந்த சாம்பலாக விழுந்தது. கௌதாரிக்கும் வானம்பாடிக்கும் அந்த மஞ்சள் நகை போட்ட மாதிரி இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். நீலக் குருவிக்கு ஒரு மணி நேரம் பொறுக்கத்தான் வேண்டும்.

பொறுத்தேன். பெரியவர் பட்டியிலிருந்து ஆடுகளைத் திறந்துவிட்டு வந்து, பத்தடி தள்ளிக் குத்த வைத்தார்.

"இன்னிக்காச்சும் நம்மூட்டுக் குருவிய எடுப்பீங்களா?"

"பார்க்கலாமுங்கய்யா. அது நீலமா பழுப்பான்னே இன்னும் எனக்குப் புடிபடலீங்."

"அதுல என்னங் கஷ்டம்? உக்காந்தா செவலை, பறந்தா நீலம்."

மாட்டுக்காரர் பேச்சு. மயிலை, பிள்ளை, செவலை, காரி என்று காங்கேயம் மாட்டை நிறத்தால் பிரித்தே பழகின கண். போன வருஷப் படத்தில் உட்கார்ந்திருந்த குருவியை நான் நீலமாக்கியிருந்தேன். இறக்கையை மடித்து உட்கார்ந்தால் நீலத்தில் பெரும்பகுதி உள்ளே போய்விடுகிறது. முன்னால் தெரிவது அந்த நெஞ்சுப் பழுப்புதான். அவர் எப்படி அடையாளம் கண்டிருப்பார்?

7.50 இருக்கும். குருவி ஒரு தத்துக்கிளியைப் பார்த்துக் கல்லுக்காலிலிருந்து விழுந்தது. ஷட்டர் வேகம் 1/2500 செகண்டில் இருந்தது. அறுபத்தி மூன்று படத்தில் மூன்று தேறின. ஒன்றில் இறக்கை முழுக்க விரிந்து, இரண்டு நீலமும் தனித்தனியாக நிற்கிறது. அதைவிட எனக்குப் பிடித்தது அடுத்த படம். தரைக்கு ஒரு முழம் மேலே வரும்போது, செம்மண் காட்டின் வெளிச்சம் கீழிருந்து பட்டு, வயிற்றடியில் லேசாகச் சிவப்பு ஏறியிருக்கிறது. அது குருவியின் நிறம் இல்லை, காட்டின் நிறம். லேபாக இருந்தால் தப்பு என்று திருப்பி அனுப்பியிருப்பேன். இங்கே அப்படியே விட்டுவிட்டேன்.

கேமராத் திரையிலேயே காட்டினேன். "ம், இதானுங்" என்றார், அவ்வளவுதான். பழைய படத்தைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்றதற்கு, "அது இருக்கட்டுங், ஒறம்பரை வந்தாக் காட்டறதுக்கு ஆவும்" என்று தர மறுத்துவிட்டார்.

கிளம்பும்போது கட்டுத்தரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். பிறந்து நாற்பது நாளான கன்று. அசல் செவலை, பழுக்கக் காய்ச்சின செம்பு மாதிரி. காங்கேயம் கன்று சிவப்பாகத்தான் பிறக்கும்; ஆறு மாசம் ஆவதற்குள் சாம்பல் ஓடிவிடும்.

"இந்த நெறம் போறதுக்குள்ள ஒண்ணு எடுத்துக் குடுங்க தம்பி."

மணி பத்து. வெளியே வெயில் சுட்டது. கன்று வேப்பமர நிழலில் நின்றது. எடுத்துப் பார்த்தால் இலை வழியாக இறங்கின வெளிச்சத்தில் செம்பு நிறத்தின் மேல் பச்சை படிந்திருந்தது. பெரியவர் தோளில் சலவைத் துண்டு. அதைக் கேட்டு வாங்கி, கன்றின் முதுகில் விரித்து, துண்டை மட்டும் ஒரு படம் எடுத்து, அதுதான் வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

"கன்னுக்குட்டியக் கேட்டா துண்டைப் படம் புடிக்கறீங்?"

விளக்கம் சொல்லத் திரும்பிய நேரத்தில் துண்டின் ஒரு முனை கன்றின் வாய்க்குள் போயிருந்தது. நாங்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்ததில், முதல் நாலு படமும் ஆடிப்போய்விட்டன.