மூணாவது வரிசையில் உட்கார்ந்து பார்த்துத்தான் வண்டி எடுத்தோம்

எங்கள் வீட்டில் ஏழு பேர். வேளாங்கண்ணிக்குப் போனாலும் சரி, மதுரையில் அக்கா வீட்டு விசேஷம் என்றாலும் சரி, எப்போதும் இரண்டு வண்டி கிளம்பும். இனி ஒரே வண்டி, அதுவும் அப்பாவின் முட்டுவலிக்கு இதமான வண்டி என்று முடிவு செய்த பிறகுதான் சொகுசு எஸ்யூவி பக்கம் பார்வை போனது.

பென்ஸ் ஜிஎல்எஸ், பிஎம்டபிள்யூ எக்ஸ்7 இரண்டும் 5.2 மீட்டரை ஒட்டிய நீளம். கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் இருபுறமும் மதில் உள்ள எங்கள் வழியில் திருப்பவே முடியாது. மிஞ்சியது ஆடி க்யூ7, வால்வோ எக்ஸ்சி90. இந்த வண்டிகளுக்கு மாவட்டத்தில் ஷோரூம் இல்லாததால் கேரளா பக்கம் போனோம்.

ஷோரூமில் மூன்றாவது வரிசையை எப்போதும் மடக்கியே வைத்திருக்கிறார்கள். டிக்கி பெரிதாகத் தெரியும். நிமிர்த்தச் சொல்லுங்கள். நாங்கள் அப்பாவை நடு வரிசையில் அவருக்குச் சௌகரியமாக உட்கார வைத்துவிட்டு, பின்னால் மூத்தவனை ஏற்றினோம். எக்ஸ்சி90-இன் கடைசி வரிசை 170 செ.மீ. உயரம் வரை உள்ளவர்களுக்கு என்று வால்வோவே சொல்கிறது. அவன் அதைவிடச் சற்று உயரம். முட்டு மேலே தூக்கிக்கொண்டது. நடு வரிசையின் ஒவ்வொரு சீட்டும் தனித்தனியாக நகரும் என்பதால், அவனுக்கு முன்னால் இருந்ததை மட்டும் கொஞ்சம் முன்னே தள்ளினோம். கால் நுழைந்தது. அப்பாவின் சீட்டை அசைக்கவே வேண்டியிருக்கவில்லை. எங்களுக்கு எக்ஸ்சி90 என்று முடிவு செய்தது அந்த நகர்த்தல்தான்.

“மக்களே, பின்னால இருக்கப்பட்ட பிள்ளைகளுக்கு மூச்சு முட்டாதா?” என்று அம்மை கேட்டாள். ஏசியைப் போடச் சொல்லி, பின்னால் கையை நீட்டிக் காற்று வருகிறதா என்று அவளே பார்த்தாள். வீட்டிலிருந்து கொண்டுபோன பெட்டியையும் டிக்கியில் வைத்துப் பார்த்தோம். ஏழு பேரும் ஏறினால் நடுத்தரப் பெட்டி இரண்டுக்கு மேல் இடமில்லை. வெளியூர் போக மேலே கேரியர் வேண்டும்.

காற்றழுத்தத்தால் உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் ஏர் சஸ்பென்ஷனால் வண்டி தாழ்ந்து நின்றதால் அப்பா பிடிமானம் தேடாமல் ஏறிவிட்டார். டெஸ்ட் டிரைவை நல்ல ரோட்டில் முடித்துக்கொள்ளாமல், களியக்காவிளை தாண்டி மார்த்தாண்டம் வரை ஓட்ட வேண்டும் என்று கேட்டோம். தயங்கித்தான் சம்மதித்தார்கள். குழியும் நெரிசலும் உள்ள நம் ரோட்டில்தான் கடைசி வரிசை எவ்வளவு குலுங்குகிறது என்று தெரியும்.

விலை விஷயத்தில் நிதானம் வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய எஸ்யூவிகளுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். முன்பு செஸ் என்ற கூடுதல் வரியோடு 50 இருந்தது. ஆனால் தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள்வரி 20 சதவீதம், 2023 நவம்பரிலிருந்து. கோடியை ஒட்டிய வண்டிக்கு அது எவ்வளவு என்று நீங்களே போட்டுப் பாருங்கள். கூடவே, டீலரே நம்மிடம் வசூலித்து அரசுக்குக் கட்டும் டிசிஎஸ் வரி ஒரு சதவீதம். அதை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், சான்றிதழைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

ஒரு டீலர் தந்த கொட்டேஷனில் ‘ஹேண்ட்லிங்’ என்று ஒரு தொகை, கேட்காத அக்சஸரி, அவர்களுடைய இன்சூரன்ஸ். கோபமாகத்தான் வந்தது. இன்சூரன்ஸை வெளியே எடுக்க நமக்கு உரிமை உண்டு. அதைச் சொன்னதும் தொகை இறங்கியது. இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. தண்ணீர் புகுந்து எஞ்சின் கெட்டால் ஈடு தரும் எஞ்சின் பாதுகாப்பு ஆட்-ஆன் இல்லாமல் பாலிசி எடுக்காதீர்கள்.

வரி குறைகிற வேறு ஊர் முகவரியில் பதிவு செய்யலாம் என்று யோசனை சொன்னவர்களும் உண்டு. எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. வீடு இருக்கிற ஊரில்தான் வரி கட்ட வேண்டும். கேரளாவில் தற்காலிகப் பதிவு போட்டு ஓட்டி வந்து, படிவம் 20 (பதிவு விண்ணப்பம்), 21 (விற்பனைச் சான்று), 22 (தயாரிப்பாளரின் தகுதிச் சான்று), இன்சூரன்ஸ், முகவரிச் சான்று எல்லாவற்றோடும் மார்த்தாண்டம் ஆர்டிஓ அலுவலகத்தில் வண்டியைக் காட்டினோம். சேசிஸ் எண்ணைச் சரிபார்த்தார்கள். படிவம் 21-இல் தயாரிப்பு மாதமும் வருடமும் இருக்கும். டெலிவரிக்கு முன்பே அதைப் பார்த்துவிடுங்கள், பழைய ஸ்டாக் என்றால் அப்போதுதான் பேச முடியும்.

டிஎன் 75 எண் வந்துவிட்டது. சர்வீஸுக்கு எல்லை தாண்டிப் போக வேண்டும். இந்த அளவு டயர் இங்கே ஆர்டர் போட்டால்தான் வரும் என்கிறார்கள், ஸ்டெப்னி காற்றைப் பார்க்காமல் நாங்கள் வெளியூர் கிளம்புவதில்லை.