இரும்புச்சத்தை டிரிப்ஸாக ஏற்றிக்கொள்ளப் போகிறவர்களுக்கு

மாத்திரை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் போனாலோ, மாதக்கணக்கில் விழுங்கியும் ஹீமோகுளோபின் ஏறாமல் நின்றாலோ, மருத்துவர் இரும்புச்சத்தை நரம்பு வழியாக ஏற்றிவிடலாம் என்று சொல்வார். அதைக் கேட்டதும் வீட்டில் எல்லோரும் "ரத்தம் ஏற்றும் அளவுக்குப் போய்விட்டதா?" என்று பதறுவார்கள், என் வீட்டிலும் அப்படித்தான் பதறினார்கள். இரண்டும் வேறு. இதில் பிறர் ரத்தம் எதுவும் உடலுக்குள் போவதில்லை. மருந்தாகத் தயாரிக்கப்பட்ட இரும்புச்சத்தைச் சலைனில் கலந்து சொட்டுச் சொட்டாக இறக்குகிறார்கள், அவ்வளவுதான்.

கர்ப்பமில்லாத பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. மாதவிடாயின்போது அதிகமாக ரத்தம் போய்க்கொண்டிருந்த எனக்கு அது 8-க்கும் கீழே இறங்கியிருந்தது. ஆனால் அந்த ஓர் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு இரும்பு ஏற்றச் சம்மதிக்க வேண்டாம். உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையையும் பார்த்திருக்கிறார்களா என்று கேளுங்கள். தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயின் மரபணுவைச் சுமப்பவர்களுக்கும் ஹீமோகுளோபின் குறைவாகவும் சிவப்பணுக்கள் சிறியனவாகவும் இருக்கும். இரும்புக் குறைபாடும் சேர்ந்திராவிட்டால் அவர்களுக்கு இரும்பு ஏற்றுவதால் பயனில்லை.

எவ்வளவு ஏற்ற வேண்டும் என்பதை உடல் எடையையும் ஹீமோகுளோபின் குறைவையும் வைத்துக் கணக்கிடுகிறார்கள். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஹீமோகுளோபினை 8-லிருந்து 15-க்கு உயர்த்தி, சேமிப்பையும் நிரப்ப வேண்டுமானால் ஏறத்தாழ 1,500 மில்லிகிராம் இரும்பு தேவைப்படும். நம் குடல் சாதாரணமாக ஒரு நாளைக்கு உறிஞ்சுவது 1 அல்லது 2 மில்லிகிராம்தான். குறைபாடு வந்தபின் அது சற்றுக் கூடினாலும், மாத்திரையால் இந்தப் பள்ளத்தை நிரப்ப மாதங்கள் ஆவது இதனால்தான்.

இங்கே பரவலாகத் தரப்படும் மருந்துகள் இரண்டு. அயர்ன் சுக்ரோஸ் என்பதை வழக்கமாக ஒரு தடவைக்கு 200 மில்லிகிராம் வீதம் ஒன்றுவிட்டு ஒரு நாள் ஏற்றுவார்கள். தமிழ்நாட்டு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் ரத்தசோகையுள்ள கர்ப்பிணிகளுக்கு, முதல் மூன்று மாதங்கள் கடந்த பிறகு, இதைத் தருவதுண்டு. ஃபெரிக் கார்பாக்சிமால்டோஸ் என்பதை ஒரே அமர்வில் 1,000 மில்லிகிராம் வரை ஏற்ற முடியும் என்பதால் விலை கூடுதலானாலும் அலைச்சல் குறைவு. மீதம் வேண்டுமானால் ஒரு வாரம் கழித்து ஏற்றுவார்கள்.

வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை. நன்றாகச் சாப்பிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, தளர்ந்த கையுள்ள உடையில் செல்லுங்கள். காய்ச்சலோ வேறு கிருமித் தொற்றோ இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், தள்ளிப்போடுவார்கள். ஆஸ்துமா, மருந்து ஒவ்வாமை, கர்ப்பமாக இருக்கக்கூடும் என்ற ஐயம் ஆகியவற்றையும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

மருந்து கலந்ததும் சலைன் கருப்பட்டி கரைத்த நீரைப் போலப் பழுப்பாக மாறும். அந்த நிறத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். கவனம் முழுவதும் ஊசி இருக்கும் இடத்தில் இருக்கட்டும். அங்கே எரிச்சலோ வலியோ வீக்கமோ தோன்றினால், மருந்து நரம்பைவிட்டு வெளியே கசிகிறது என்று பொருள். கசிந்த இரும்பு தோலில் பழுப்புக் கறையாகப் படிந்து பல மாதங்கள், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், மறையாமல் இருக்கும். நர்ஸைத் தொந்தரவு செய்கிறோமோ என்று தயங்கி, சொட்டு முடியும் வரை பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருக்கும் பழக்கம் நம் பெண்களுக்கு உண்டு. தயவுசெய்து இங்கே பொறுமை காட்டாதீர்கள். உடனே கூப்பிட்டு நிறுத்தச் சொல்லுங்கள்.

நாக்கில் உலோகச் சுவை, லேசான தலைவலி, குமட்டல் ஆகியவை சிலருக்கு வரும், தானாகப் போகும். சிலருக்கு ஏற்றத் தொடங்கிய சில நிமிடங்களில் முகம் சிவந்து, மார்பு இறுகி, முதுகு வலிக்கும். சொட்டை நிறுத்தினால் பெரும்பாலும் விரைவில் அடங்கிவிடும், பிறகு மருத்துவர் பார்த்து மெதுவாகத் தொடர்வார். உடல் முழுதும் தடிப்பு, முகவீக்கம், மூச்சிரைப்பு, ரத்த அழுத்தம் சரிதல் ஆகியவை கடுமையான ஒவ்வாமையின் அறிகுறிகள். பழைய இரும்பு ஊசிகளோடு ஒப்பிட்டால் இன்றைய மருந்துகளில் இது மிக அரிது. ஆனாலும் அவசர சிகிச்சை வசதியுள்ள இடத்தில் மட்டுமே ஏற்றிக்கொள்ள வேண்டும், முடிந்தபின் அரை மணி நேரமாவது அங்கேயே இருக்க வேண்டும். வீட்டுக்கே வந்து போட்டுவிடுகிறோம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அடுத்த ஓரிரு நாட்கள் மூட்டுவலியும் லேசான காய்ச்சலும் வரலாம். ஃபெரிக் கார்பாக்சிமால்டோஸ் ஏற்றிக்கொண்ட சிலருக்கு ரத்தத்தில், எலும்புக்குத் தேவையான தாது உப்பான பாஸ்பேட் குறைவதுண்டு. வாரங்கள் கழிந்தும் சோர்வோ எலும்பு வலியோ கூடினால் அதைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். இன்னொன்று: மலம் கறுத்துப் போவது மாத்திரையின் விளைவு, டிரிப்ஸால் அப்படி ஆகாது. மாத்திரையை நிறுத்திய பிறகும் மலம் கறுப்பாகப் போனால் வயிற்றுக்குள் ரத்தக்கசிவு இருக்கக்கூடும் என்பதால் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மறுநாளே தெம்பு வந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். எலும்பு மஜ்ஜை அந்த இரும்பை எடுத்துப் புதிய சிவப்பணுக்களை உருவாக்கி வெளியே அனுப்ப ஒரு வாரம் போல ஆகும். ஹீமோகுளோபின் ஏற்றம் 2 முதல் 4 வாரங்களில் தெரியும். எனக்கு முதலில் மறைந்தது, இரும்புக் குறைபாட்டால் பச்சரிசியை அள்ளி மென்று தின்னத் தூண்டிய ஆசைதான். மாடிப்படியில் மூச்சு வாங்குவது அதற்கும் பிறகுதான் குறைந்தது. ஃபெரிட்டினை நான்கு வாரங்களுக்கு முன்பே பார்த்தால் பொய்யாக உயர்ந்து காட்டும், ஆகவே அவசரப்பட்டுப் பணம் செலவழிக்க வேண்டாம்.

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருக்கிறது. இத்தனை பேருக்கு இருப்பதாலேயே "பொம்பளைங்களுக்கு ரத்தம் கம்மியாத்தான் இருக்கும்" என்று அதை இயல்பாக எடுத்துக்கொள்கிறார்கள். இந்தப் பேச்சு எனக்கு ஆற்றாமையைத் தருகிறது. கர்ப்பப்பையில் கட்டி, மூலம், இரைப்பைப் புண், கொக்கிப்புழு என்று ரத்தம் போகும் வழி ஏதோ ஒன்று இருக்கக்கூடும். அதைக் கண்டுபிடிக்காமல் இரும்பை மட்டும் ஏற்றினால் சில மாதங்களில் மீண்டும் அதே நாற்காலியில் உட்கார வேண்டியிருக்கும். எனக்கு ஸ்கேனில் கர்ப்பப்பைக் கட்டி தெரிந்து, அதற்கான சிகிச்சை தொடங்கிய பிறகுதான் ஏறிய ஹீமோகுளோபின் இறங்காமல் நின்றது. ஆணுக்கோ, மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ இரும்புக் குறைபாடு வந்தால் இரைப்பையையும் குடலையும் பரிசோதிப்பதைத் தள்ளிப்போடவே கூடாது. புற்றுநோய் சில நேரங்களில் இந்த ஒரே அறிகுறியோடுதான் வெளிப்படும்.

கிளம்பும்போது, ஏற்றிய மருந்தின் பெயர், அளவு, தேதி மூன்றையும் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்து எந்த மருத்துவரிடம் போனாலும் முதலில் கேட்பது அதைத்தான்.