வேலி ஆஃப் தி காட்ஸும் ஐந்து அங்குலமும்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், தென்கிழக்கு மூலையில் மெக்சிகன் ஹாட் என்று ஒரு சின்ன ஊர். அதைத் தாண்டினால் வேலி ஆஃப் தி காட்ஸ். 17 மைல் மண் சாலை, கோபுரம் கோபுரமாய்ச் செம்பாறை. மத்திய அரசு நிலம். கட்டணம் கிடையாது, முன்பதிவு கிடையாது, குழாய்த் தண்ணீரும் கிடையாது.

மூன்று வருடம் முன்பு பீனிக்ஸிலிருந்து படுக்கையும் சமையலறையும் உள்ள எங்கள் 16 அடி டிரெய்லரைப் பிக்கப் டிரக்கில் இழுத்துக்கொண்டு போய், 163ஆம் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே திரும்பினேன். கொஞ்ச தூரத்திலேயே லைம் கிரீக் குறுக்கிடும். மழை பெய்தால் ஓடும் ஓடை. அன்று சொட்டுத் தண்ணீர் இல்லை. பிக்கப் இறங்கி ஏறிவிட்டது. பின்னால் ‘கடக்’. போய்ப் பார்த்தால் கழிவுநீர்க் குழாயின் வால்வு உடைந்து, காலையில் கழுவிய சாம்பார்ச் சட்டித் தண்ணீர் செம்மண்ணில் ஒழுகிக்கொண்டிருந்தது. டேப் வைத்து அளந்தேன். குழாய்க்கும் தரைக்கும் எட்டு அங்குலம்.

வண்டியை உயர்த்தியாக வேண்டும். இந்த மாதிரி டிரெய்லர்கள் பலவற்றில் பட்டை ஸ்பிரிங், இரு சக்கரங்களையும் இணைக்கும் ஆக்சிலுக்கு அடியில் இருக்கும். தார்ச்சாலையில் தாழ்வாக, ஆடாமல் போவதற்கான ஏற்பாடு. அதே ஸ்பிரிங்கை ஆக்சிலுக்கு மேலே உட்காரவைத்தால் ஆக்சில் குழாயின் தடிமனும் ஸ்பிரிங் கட்டின் தடிமனும் சேர்ந்த அளவுக்கு வண்டி எழும்பும். எங்களுக்கு ஏறக்குறைய ஐந்து அங்குலம் கிடைத்தது.

ஆக்சிலைக் கழற்றித் தலைகீழாய்ப் போட்டால் ஆயிற்று என்றுதான் நினைத்திருந்தேன். வெல்டிங் பட்டறைக்காரர் சிரித்தார். ஆக்சில் நேராக இருக்காதாம். நடுவில் லேசாக மேல்நோக்கி வளைத்திருப்பார்கள், பாரம் ஏறியதும் நிமிர்ந்துகொள்ள. கவிழ்த்துப் போட்டால் சக்கரங்கள் சாய்ந்து டயர் ஒரு பக்கமாய்த் தேயும். அதனால் ஆக்சிலை இருந்தபடியே விட்டு, அதன் முதுகில் ஸ்பிரிங் உட்காரப் புது இருக்கைகளை வெல்டிங் வைத்தார். ஸ்பிரிங்கை ஆக்சிலோடு கட்டிப் பிடிக்கும் யூ போல்ட்டுகளும் புதுசு. ஒரு தடவை முறுக்கியது இழுபட்டிருக்கும், மறுபடி போடாதே என்றார். கொஞ்சம் ஓட்டிவிட்டு வந்து திரும்ப முடுக்கச் சொன்னார். முடுக்கினேன்; நாலு போல்ட்டில் மூன்று, ஆளுக்குக் கால் சுற்று இடம் கொடுத்தன.

வேலை அதோடு முடியவில்லை. டிரெய்லர் ஏறிய அளவுக்குப் டிரெய்லரின் மூக்கை மாட்டும் பிக்கப்பின் இழுவைக் குண்டும் ஏறாவிட்டால் மூக்கு கவிழ்ந்துவிடும். கீழே இறங்கியிருந்த இழுவைக் கம்பியைத் திருப்பி மாட்டி, ரசமட்டம் வைத்துச் சரிபார்த்தேன். நிறுத்தினால் முட்டுக்கொடுக்கும் ஜாக்குகள் தரையைத் தொடவில்லை, மரக்கட்டைகள் வாங்கினேன். எதிர்க்காற்றில் பழைய அடக்கமும் இல்லை, 60 மைல் வேகத்துக்கு மேல் போவதை விட்டுவிட்டேன்.

இதையெல்லாம்விட, உயர்ந்தது டிரெய்லரின் உடம்புதான், ஆக்சில் இல்லை என்பது எனக்கு உறைக்கவே நாளாயிற்று. நடுச்சாலையில் துருத்திக்கொண்டிருக்கும் பாறைக்கு ஆக்சில் குழாய் அதே உயரத்தில்தான் வந்து நிற்கும். அதை ஏற்றப் பெரிய டயர்தான் வழி. டயரின் விட்டம் இரண்டு அங்குலம் கூடினால் ஆக்சில் ஒரு அங்குலம் ஏறும். சக்கர வளைவுக்குள் இடம் தாராளமாகிவிட்டதால் அதையும் செய்தோம்.

போன அக்டோபரில் மறுபடி போனோம். திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த அம்மாவும் கூட. படி எட்டவில்லை. “இது என்னடா, வீடா பரணா?” என்று ஒரு முக்காலி வாங்கவைத்தாள்.

லைம் கிரீக்கில் மனைவி இறங்கி நின்று கையைக் காட்ட, நடக்கிற வேகத்தில் இறக்கினேன். ஒரு சத்தமும் இல்லை. மேற்குக் கோடியில், செம்பாறை ஒன்றின் காலடியில் இரண்டு நாள். அங்கிருந்து மேலே ஏறும் மோக்கி டக்வே 1950களில் யுரேனியத் தாது லாரிகளுக்காக மலையைக் குடைந்து போட்ட மண் பாதை. அதில் டிரெய்லரை ஏற்றும் ஆசை எனக்கில்லை. கீழேயே விட்டுவிட்டுப் பிக்கப்பில் மட்டும் போய் வந்தோம்.

அந்த 17 மைலும் அலை அலையாய் வரிவிழுந்த சாலை. முதல் நாள் வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்தபோது மஞ்சள்பொடி டப்பா திறந்து, மெத்தை, போர்வை, பாப்பாவின் கரடிப் பொம்மை எல்லாம் ஒரே மஞ்சள். அம்மா முக்காலியில் நின்றபடி எட்டிப் பார்த்தாள்.

“இதுக்கு எங்கடா வெல்டிங் வைக்கப் போற?”