விக்ராந்தின் சீ ஹாக்: 1/72 மாதிரி, ஆறாவது வாரம்

1971 இந்திய-பாகிஸ்தான் போரில், டிசம்பர் 4 அன்று காலை, இந்தியக் கடற்படையின் விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்தின் தளத்தில் நின்ற சீ ஹாக் போர் விமானத்தைத்தான் 72-இல் ஒரு பங்கு அளவு மாதிரியாகச் செய்துகொண்டிருக்கிறேன். கோவைக்காரனான எனக்கு இந்த விமானத்தின் மீது தனிப் பற்று உண்டு. கடற்படையின் ஹன்சா தளம் 1964-இல் கோவாவுக்கு மாறும் வரை எங்கள் சூலூரில்தான் இருந்தது.

பெட்டியில் இருந்த பாகங்களை ஒட்டுவதற்கு இரண்டு வாரங்களே ஆயின. முன்சக்கரம் உள்ள விமானம் என்பதால், மூக்கினுள் தூண்டில் ஈயக் குண்டுகளை வைத்து அடைத்தேன். இல்லாவிட்டால் வால் தரையில் சாய்ந்துவிடும்.

பின்புகைக் குழாய்தான் அதிக நேரம் எடுத்தது. சீ ஹாக்கில் 'நீன்' என்ற ஒற்றை ஜெட் எஞ்சின்தான் உண்டு என்றாலும், அதன் வெப்பக் காற்று வாலின் வழியாக வெளியேறாமல் இரண்டாகப் பிரிந்து, இறக்கைகள் உடலோடு சேரும் இடத்தின் பின்னால் இருபுறமும் வெளியேறுகிறது. இதனால் பின்னுடலில் எரிபொருள் தொட்டிக்கு இடம் கிடைத்தது; கரை கண்ணுக்குத் தெரியாத கடலில் பறக்கும் விமானத்துக்கு அது எவ்வளவு பெரிய வசதி! பெட்டியில் வந்த பாகங்களில் அந்த வாய்கள் வெறும் பள்ளங்களாக இருந்ததால், பிளாஸ்டிக் குழாயைச் சாய்வாக அறுத்துச் செருகி, விளிம்பு தாள்போல் மெலியும் வரை 600-ஆம் எண் உப்புத்தாளால் தேய்த்தேன். இடப்பக்க விளிம்பு ஒருமுறை உடைந்துவிட்டதால் அதை மறுபடியும் செய்ய நேர்ந்தது.

இறக்கைகளை மடித்த நிலையில் வைக்க வேண்டும் என்று தொடக்கத்திலேயே முடிவு செய்துவிட்டேன். விரித்தால் 11.9 மீட்டர் அகலமுள்ள விமானம், மடித்தபின் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறுகுகிறது. விக்ராந்தின் நெருக்கடியான தளத்தை நினைவூட்ட இதைவிடப் பொருத்தமான நிலை இல்லை என்பது என் எண்ணம்.

அந்தக் கப்பலின் நிலையும் அப்போது எளிதாக இல்லை. கொதிகலன் உருளைகளில் விரிசல் கண்டிருந்ததால் அதை முழு வேகத்தில் செலுத்த முடியவில்லை. தளத்தின் மீது வீசும் எதிர்க்காற்று குறைந்தால் சுமையோடு விமானத்தை ஏவுவது கடினம். 1965 போரின்போது பழுதுபார்ப்பில் கிடந்து குறை சொல்லப்பட்ட கப்பல் அது என்பதையும் எண்ணிப் பார்க்கும்போது, 1971-இல் அதைக் கடலுக்கு அனுப்பியவர்களின் துணிவை மனதாரப் போற்றுகிறேன். டிசம்பர் 4 காலை எட்டு சீ ஹாக்குகள், அப்போதைய கிழக்குப் பாகிஸ்தானில் (இன்றைய வங்கதேசம்) இருந்த காக்ஸ் பஜார் விமான நிலையத்தைத் தாக்கின. அதே நாளில் சிட்டகாங் துறைமுகமும், பின்னர் குல்னா, மோங்லா பகுதிகளும் தாக்கப்பட்டன. கப்பலின் தலைவர் ஸ்வராஜ் பிரகாஷ், 'வெள்ளைப் புலிகள்' எனப்பட்ட 300-ஆம் சீ ஹாக் விமான அணியின் தலைவர் எஸ். கே. குப்தா இருவருக்கும் மகாவீர் சக்கரம் என்னும் போர்க்கால வீர விருது வழங்கப்பட்டது.

வண்ணம் பூசுவது இன்னும் முடியவில்லை. மேற்புறக் கருஞ்சாம்பல் இரண்டு மென்பூச்சுகளில் சீராக விழுந்தது. அடிப்புற வெளிர்பச்சை மட்டும் ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தால் வண்ணம் தெளிக்கும் கருவி) அழுத்தம் மிகுந்து சொரசொரப்பாகிவிட, தேய்த்து மறுபடியும் பூசினேன். பெட்டியில் பிரிட்டிஷ் சின்னங்கள் கொண்ட டீகால்களே (ஒட்டுப்படங்கள்) இருந்தன. ஆகவே காவி, வெள்ளை, பச்சை வட்டங்களை மறைப்பு நாடாவில் வெட்டி நானே தெளிக்கிறேன். வலப்பக்க வட்டம் நன்றாக அமைந்துவிட்டது, இடப்பக்க வட்டத்தில் பச்சை இன்னும் காயவில்லை. அணியின் சின்னமான பாயும் வெள்ளைப் புலியை 0 எண் தூரிகையால் தனித்தாளில் வரைந்து பழகி வருகிறேன். இதுவரை வரைந்த ஒன்பதில் முன்கால் சரியாக வந்தது ஒன்றே. அது கைவந்த பிறகே விமானத்தின் உடலில் வரையத் தொடுவேன்.