பிகோ-8: முதலில் ஒரு சதுரம் குதிக்கட்டும்

1980களின் வீடியோ கேம்களைப் போன்ற ஒன்றைத் தாமே எழுதிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு, எந்தக் கருவியில் தொடங்குவது என்ற சந்தேகம்தான் முதலில் எழும். அக்காலத்து நிஜ இயந்திரங்களுக்கே எழுதலாம்; ஆனால் நின்டெண்டோவின் என்இஎஸ் கேம் கன்சோல் போன்ற ஒன்றில், வெறும் 2 கிலோபைட் நினைவகத்தை வைத்துக்கொண்டு இயந்திரத்தின் அடிமட்டக் கட்டளைகளாலான அசெம்பிளி மொழியோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். அதற்கும் ஒரு தனிச்சுவை உண்டு என்றாலும், முதல் விளையாட்டை எழுதுகிறவருக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். லெக்சலாஃபிள் நிறுவனத்தின் பிகோ-8 அவருக்குப் போதுமானது.

பிகோ-8 என்பது எந்தக் காலத்திலும் கடையில் விற்காத, கற்பனையான ஒரு கேம் கன்சோல். நம் கணினியில் ஒரு மென்பொருளாக ஓடுகிறது. அதன் திரை 128-க்கு 128 பிக்சல், நிறங்கள் 16, ஒலித்தடங்கள் 4, முழு விளையாட்டும் 32 கிலோபைட்டுக்குள் அடங்கிவிட வேண்டும். நிரல் எழுதவும், படம் வரையவும், இசை அமைக்கவும் தேவையான எல்லாம் அதற்குள்ளேயே இருக்கின்றன. இது விலை கொடுத்து வாங்க வேண்டியது. ஆயினும் இதன் கல்விப் பதிப்பு பிரவுசரிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. முற்றிலும் திறந்தமூலமாக, அதாவது கருவியின் நிரலையே யாரும் பார்க்கவும் மாற்றவும் கூடியதாக வேண்டும் என்பவர்களுக்கு, இதே போன்ற டிக்-80 இருக்கிறது.

நிரல்மொழி லுவா. தொடக்கத்தில் ஒரு முறை ஓடும் இனிட், விநாடிக்கு 30 முறை ஓடிக் கணக்குகளைச் செய்யும் அப்டேட், திரையில் தீட்டும் ட்ரா ஆகிய மூன்று ஃபங்ஷன்களை (பெயரிட்ட நிரல் பகுதிகளை)ப் புரிந்துகொண்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. இந்நிலையில் பலரும் ஆர்வமிகுதியால் கதாநாயகனுக்குத் தொப்பியும் மீசையும் வரையத் தொடங்கிவிடுகிறார்கள். 8-க்கு 8 பிக்சல் கட்டத்துக்குள் மீசை வைப்பது மகிழ்ச்சியான வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் வெறும் சதுரமாக இருக்கும்போதே விளையாடச் சுவையாக இல்லாத ஒன்றை மீசை காப்பாற்றாது.

ஆகவே சதுரத்தைக் குதிக்க வைப்போம். திரையில் கீழே செல்லச் செல்ல ஒய் மதிப்பு (மேல்-கீழ் இடத்தைக் குறிக்கும் எண்) கூடும் என்பதால், குதிப்பதற்கு வேகத்தை எதிர்மறையாக, உதாரணமாக -3 என்று வைக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு ஃபிரேமிலும், அதாவது அப்டேட் ஓடும் ஒவ்வொரு முறையும், அந்த வேகத்தோடு புவியீர்ப்பாக 0.2 கூட்டி, வந்த வேகத்தை ஒய் மதிப்போடு கூட்டினால், சதுரம் 15 ஃபிரேம்களில் ஏறத்தாழ 21 பிக்சல் உயரம் எழும்பி, அதே அளவு நேரத்தில் தரைக்குத் திரும்பும். அதாவது, இரண்டரைக் கட்ட உயரத்துக்கு ஒரு விநாடி. ஓட்டிப் பார்த்தால் இது சற்று மிதப்பதுபோல் தோன்றும். புவியீர்ப்பை 0.3 ஆக்கினால் சதுரத்துக்கு எடை வந்துவிடும், ஆனால் இரண்டு கட்ட உயரச் சுவரை ஏற முடியாது. எந்தச் சுவர் எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்பதை இந்த இரண்டு எண்களே தீர்மானிப்பதால்தான், சுவரும் தரையும் கொண்ட விளையாட்டு வரைபடத்தை அமைப்பதற்கு முன்பே இவற்றை முடிவு செய்துவிட வேண்டும் என்கிறேன்.

தரையைக் கண்டறிவது அதைவிட எளிது. ஒவ்வொரு ஸ்பிரைட்டுக்கும் (8-க்கு 8 கட்டத்தில் வரைந்த சிறு படத்துக்கும்) எட்டுக் கொடிகள், அதாவது ஆம்-இல்லை அடையாளங்கள், உண்டு. திடமான கட்டங்களுக்கு அவற்றுள் ஒன்றை ஏற்றி வைத்து, சதுரத்தின் காலடியில் உள்ள வரைபடக் கட்டத்தில் அது ஏறியிருக்கிறதா என்று பார்த்தால் போதும். தரையில் நிற்கும்போது மட்டுமே குதிக்க அனுமதிப்பது முறையானதாகத் தோன்றும். விளையாடுகிறவரோ விளிம்பைத் தாண்டிய பிறகே பல வேளைகளில் பொத்தானை அழுத்துகிறார், அப்புறம் விளையாட்டைத் திட்டுகிறார். 2015-இல் மேடி தார்சனும் நோயல் பெர்ரியும் நான்கு நாட்களில் பிகோ-8-இல் உருவாக்கிய செலஸ்ட் என்ற விளையாட்டின் முதல் வடிவில், தரையை விட்ட பின்னும் சில ஃபிரேம்கள் வரை குதிக்க அனுமதி உண்டு. அதன் நிரலை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். எந்தப் பாடநூலையும்விட நான் அதையே முதலில் கைகாட்டுவேன்.

நிரலின் நீளத்துக்கும் 8192 டோக்கன் (நிரலில் வரும் சொற்கள், எண்கள், குறிகள் போன்ற அலகுகள்) என்ற உச்சவரம்பு உண்டு, ஆனால் முதல் விளையாட்டு அதன் பக்கத்தில்கூடப் போகாது. நமக்கு இடிக்கும் விஷயம் வேறு: உள்ளமைந்த எழுத்துருவில் ஜப்பானியக் கனா எழுத்துகள் உண்டு, தமிழ் கிடையாது. தலைப்பைத் தமிழில் காட்ட வேண்டுமானால் எழுத்துகளை ஸ்பிரைட்டுகளாக வரைய வேண்டும். டகரமும் பகரமும் ஒரே கட்டத்தில் சமர்த்தாக அமர்ந்துவிடும், ணகரமும் ஞகரமும் பக்கத்துக் கட்டத்தையும் கேட்கும்.

முடித்த விளையாட்டைப் பிரவுசரில் ஓடும் பக்கமாக ஏற்றுமதி செய்யலாம், அல்லது கேட்ரிட்ஜ் (பழைய கன்சோல்களில் செருகும் விளையாட்டுப் பெட்டி) வடிவிலான ஒரு பிஎன்ஜி படமாகச் சேமிக்கலாம். நிரலும் வரைபடமும் இசையும் அந்தப் படத்தின் பிக்சல்களுக்குள்ளேயே மறைந்திருக்கும். அதனால் வாட்ஸ்அப்பில் நண்பருக்கு அனுப்பும்போது புகைப்படமாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள். புகைப்படமாகச் சுருக்கப்பட்டால் அட்டைப்படம் மட்டும் போய்ச் சேரும், விளையாட்டு போய்ச் சேராது.