நேத்தே போட்டாச்சே

தமிழ் நாளிதழ் ஒன்றில் உலகச் செய்திப் பக்கம் பார்த்த காலத்தில், ராத்திரி ஷிஃப்டில் நான் அதிகம் கேட்டது "நேத்தே போட்டாச்சேப்பா" என்பதைத்தான். செய்தியாசிரியர் அப்படிச் சொல்லிவிட்டால் அந்த ஏஜென்சி செய்தியைத் தூக்கிப்போட வேண்டியதுதான். அவரைக் குறை சொல்லவும் முடியாது. பாதிப் பக்கம் விளம்பரம். மிச்சத்தில் உலகம் முழுக்க அடங்க வேண்டும். புதிதாக ஏதாவது நடந்தால்தான் பழைய விஷயத்துக்கு மறுபடி இடம்.

வாஷிங்டனிலும் இதே வழக்கம்தான் என்பது அமெரிக்க செனட்டர் ட்ரென்ட் லாட் விவகாரத்தில் தெரிந்தது. 2002 டிசம்பர் 5 அன்று செனட்டர் ஸ்ட்ராம் தர்மாண்டின் நூறாவது பிறந்தநாள் விழா. 1948 அதிபர் தேர்தலில், கறுப்பர்களைப் பிரித்தே வைக்க வேண்டும் என்று சொல்லிப் போட்டியிட்டவர் தர்மாண்ட். "எங்கள் மிசிசிப்பி அன்று அவருக்கு ஓட்டுப் போட்டது, நாடும் போட்டிருந்தால் இத்தனை பிரச்சினை வந்திருக்காது" என்ற பொருளில் லாட் பேசினார். அடுத்த மாதம் செனட்டின் பெரும்பான்மைத் தலைவராக வேண்டியவர் அவர். பேச்சு சி-ஸ்பேன் தொலைக்காட்சியில் போனது, நிருபர்களும் இருந்தார்கள். வாஷிங்டன் போஸ்ட் 7-ஆம் தேதி உள்பக்கத்தில் போட்டது. பெரிய பத்திரிகைகள் பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை. சனி, ஞாயிறும் வந்துவிட்டது. எங்கள் டெஸ்காக இருந்தால் விஷயம் அதோடு சரி.

வலைப்பதிவர்களுக்குப் பக்கக் கணக்கு கிடையாது. ஜோஷ் மார்ஷல், ஏட்ரியோஸ் போன்றவர்கள் அதையே திரும்பத் திரும்ப எழுதினார்கள். 1948-இல் தர்மாண்டின் கட்சி என்ன சொன்னது என்று பழைய கொள்கை அறிக்கையை எடுத்துப் போட்டார்கள். சில நாளில் பெரிய பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் வந்து சேர்ந்தன. அதிபர் புஷ்ஷே கண்டித்தார். டிசம்பர் 20-இல் லாட் தலைவர் பதவியை விட்டு விலகினார். பேச்சில் ஒரு சொல்கூடப் புதிதாகச் சேரவில்லை என்பதுதான் எனக்கு வேடிக்கை.

பதிவர்கள் என்றால் பலரும் 2004-ஐத்தான் இழுப்பார்கள். புஷ்ஷின் ராணுவப் பணி பற்றி 1970-களின் குறிப்புகள் என்று சிபிஎஸ் தொலைக்காட்சி காட்டியவற்றின் எழுத்துருவைப் பார்த்தே சந்தேகம் கிளப்பிய கதை. சார்லஸ் ஜான்சன் என்ற பதிவர் ஒரு குறிப்பை மைக்ரோசாஃப்ட் வேர்டில், எந்த அமைப்பையும் மாற்றாமல் தட்டச்சிட்டு அதன்மேல் வைத்துப் பார்த்தார். அப்படியே பொருந்தியது. 1970-களில் வேர்டே கிடையாது. அந்தப் படத்தை எங்கள் லே-அவுட் அண்ணனிடம் காட்டினேன். பத்திரிகைக்கு ஒரு எழுத்துரு என்றிருந்த காலத்துத் தமிழ்க்காரர் அவர். ஒரு தாளைப் பார்த்தே எந்த ஆபீஸ் என்று சொல்வார். "இதுக்கு எதுக்குத் தம்பி ஆராய்ச்சி, வரி உடையுற இடத்தைப் பாருங்க" என்றார். நல்ல கதைதான், ஆனால் அது ஒரே ஒரு தவறைப் பிடித்ததோடு சரி. லாட் விவகாரம் அப்படியில்லை. ஒரு செய்தி எப்போது செத்தது என்று முடிவு செய்யும் அதிகாரமே கைமாறியது.

ஆனால் பதிவர்கள் தனியாக எதையும் சாதித்துவிடவில்லை. 2006 டிசம்பர் 7 அன்று அமெரிக்க நீதித்துறை ஏழு மத்திய அரசு வழக்கறிஞர்களைப் பதவி விலகச் சொன்னது. ஆர்கன்சாவில் அதற்கு முன்பே விலகச் சொல்லப்பட்ட ஒருவர், சான் டியாகோவில் ஒருவர் என்று தனித்தனியாக வந்துகொண்டிருந்த உள்ளூர்ச் செய்திகளை ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வைத்து, இதில் அரசியல் இருக்கிறது என்றது மார்ஷலின் டாக்கிங் பாயின்ட்ஸ் மெமோ வலைப்பதிவு. உள்ளூர் நிருபர் இல்லையென்றால் வைப்பதற்கே ஒன்றும் இருந்திருக்காது. டைம் இதழின் ஜே கார்னி முதலில் இதை அலட்சியப்படுத்தி எழுதினார். பிறகு பதிவர்கள் சொன்னதுதான் சரி என்று ஒப்புக்கொண்டார். 2007 மார்ச்சில் அரசு சுமார் 3,000 பக்க ஆவணங்களை மொத்தமாகக் கொட்டியபோது, மார்ஷல் குழு வாசகர்களிடமே பிரித்துப் படிக்கச் சொன்னது. அந்த வேலைக்கு எந்த டெஸ்கில் ஆள் இருக்கிறது? ராத்திரி ஷிஃப்டில் நாங்கள் மூன்று பேர்!

அதே ஆண்டு ஆகஸ்ட் 27 அன்று அந்த நீதித்துறையின் தலைவரான அட்டர்னி ஜெனரல் அல்பர்ட்டோ கொன்சாலஸ் ராஜினாமாவை அறிவித்தார். நம்மூர் நேரப்படி ராத்திரி எட்டு மணி வாக்கில் செய்தி வந்தது. "இது புதுசு, ரெண்டு பத்தி போடு" என்றார் செய்தியாசிரியர். வழக்கறிஞர்கள் கதையில் ஒரு வரிகூட அதுவரை நாங்கள் போட்டதில்லை. யார் இந்த கொன்சாலஸ், எந்த ஏழு பேர் என்று சொல்வதற்கே ஒன்றரைப் பத்தி போய்விட்டது.